பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவோம், அவங்க முகத்தை அவங்களே வரையட்டும்

(நமது மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் தீர்மானம் படிப்பேன், வரவு செலவு படிப்பேன், அதோடு சரி. "மூணு வருஷமா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மியூசியம் மியூசியம்னு போறியே, அதை நாலு பேருக்குச் சொல்லு" என்று தலைவி அக்கா சொன்னதால் வந்து நிற்கிறேன். தப்பா ஏதாவது பேசினா மன்னிச்சுக்கோங்க.

முதலில் உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். உங்க முகத்தை நீங்க கடைசியா நல்லா உத்துப் பார்த்தது எப்போ? பொட்டு நேரா இருக்கான்னு பார்க்கிறதைச் சொல்லலை. முகத்தைப் பார்க்கிறதைச் சொல்றேன். நமக்கெல்லாம் கடன் விண்ணப்பத்துக்கு இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்பாங்க. ஸ்டுடியோவுக்குப் போவோம். அவர் கம்ப்யூட்டரில் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுப்பார். வாங்கிப் பார்த்துட்டு "பரவாயில்லை, நல்லா விழுந்திருக்கு"ன்னு சொல்லுவோம். அந்த வெளுத்த முகம்தான் நம்ம பாஸ்புக்கில் ஒட்டியிருக்கு. இதை எதுக்குச் சொல்றேன்னு கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் மூணாவது படிச்சுக்கிட்டு இருந்தாள். "நான்" என்று தலைப்புப் போட்டு, அவளையே ஒரு படமா வரைஞ்சு கொண்டு வரச் சொல்லியிருந்தாங்க. ராத்திரி உட்கார்ந்து வரைஞ்சாள். நான் தோசை ஊத்திக்கிட்டே எட்டிப் பார்த்தேன். ரோஸ் கலந்த வெளிர் நிறத்தில் ஒரு முகம், நீளமான செம்பட்டை முடி, சின்ன மூக்கு.

"யாரும்மா இது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"நீ இப்படியாடி இருக்கே?"

"தோல் கலர் இதுதான்மா. டப்பாவிலேயே போட்டிருக்கு, பாரு" என்று கிரேயான் பெட்டியை எடுத்துக் காட்டினாள். நிஜமாவே அந்தக் குச்சியின் மேல் ஸ்கின் என்றுதான் போட்டிருந்தது.

நான் சிரிச்சிட்டு விட்டுட்டேன். படுத்த பிறகு தூக்கம் வரலை. ஏன்னா என் மகள் நல்ல கறுப்பு. என் நிறம்தான் அவளுக்கு. அவள் பிறந்தப்போ பார்க்க வந்த சொந்தக்காரங்க, "மூக்கும் முழியுமா இருக்கா, நிறம்தான்…" என்று சொல்லி நிறுத்தினாங்க. அதிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கிளம்பும்போது அவள் முகத்திலும் கழுத்திலும் நான்தான் பவுடரை அப்பி விடுவேன். சிவப்பழகு கிரீமும் வாங்கி வைச்சிருந்தேன். வெயில்ல விளையாடாதே, கறுத்துடுவேன்னு தினமும் சொன்னதும் நான்தான். கிரேயான் கம்பெனிக்காரனைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் குச்சியை அவள் கையில் எடுத்துக் கொடுத்ததில் எனக்கும் பங்கு இருக்குன்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

இது நம்ம ஊரில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லையாம். அமெரிக்காவில் கிரேயோலா என்று ஒரு பெரிய கிரேயான் கம்பெனி. அவர்களும் இதே வெளிர் நிறத்துக்குச் சதை நிறம் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். எல்லார் சதையும் அந்த நிறமா என்று கேள்வி வந்த காலத்தில், 1962-ல், அந்தப் பெயரை எடுத்துவிட்டு பீச் என்ற பழத்தின் பெயரை வைத்தார்கள். அறுபது வருஷம் ஆச்சு. நம்ம கடைகளில் இன்னும் ஸ்கின் என்று விற்கிற பெட்டி இருக்கு.

இதை எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் அய்யாவிடம் சொன்னேன். அவர் புத்திமதி எதுவும் சொல்லலை. "பிள்ளைங்களை ஒரு தடவை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்கம்மா. மனுஷ முகத்தையும் உடம்பையும் எத்தனை விதமா செஞ்சு வைச்சிருக்காங்கன்னு பார்க்கட்டும். அப்புறம் கண்ணாடியைக் கையில் கொடுங்க" என்றார்.

குழுவில் பேசினேன். "அவ்வளவு தூரம் செலவு பண்ணிப் போறதுன்னா ஒரு கோயில் குளத்துக்குப் போனாலாவது புண்ணியம்" என்று ஒரு அக்கா சொன்னாங்க. அவங்க சொன்னதும் நியாயம்தான். கடைசியில் மாதம் ஐம்பது ரூபாய் தனியாச் சேர்ப்போம், சேர்ந்த பிறகு முடிவு பண்ணலாம் என்று தீர்மானம் எழுதினோம். கோடை லீவில் பதினெட்டுப் பிள்ளைகள், ஆறு பெண்கள், ஒரு வேன் பேசிக் கிளம்பினோம்.

இப்போ நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். நல்ல காரியமாச்சே என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நாள் குறிச்சது நான். விடியற்காலை மூணு மணிக்குச் சூடம் கொளுத்தி வேன் எடுத்தோம். அங்கே போனால் கேட் சாத்தியிருக்கு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அது வெள்ளிக்கிழமை! பிள்ளைகள் முகத்தைப் பார்க்கணுமே. புண்ணியம் பற்றிச் சொன்ன அக்கா ஒரு வார்த்தை பேசலை, அதுதான் இன்னும் சங்கடமா இருந்தது.

சரி, வந்தது வந்தோம், கடற்கரையாவது பார்ப்போம் என்று மெரினாவுக்குப் போனோம். அங்கேதான் உழைப்பாளர் சிலை. 1959-ல் வைத்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். நான்கு ஆட்கள் ஒரு பெரிய பாறையை நெம்பி நகர்த்துகிறார்கள். பஸ்ஸில் போகும்போது நான் அதைப் பல தடவை பார்த்திருக்கேன். ஆனால் நின்று பார்த்தது அன்றுதான். நரம்பு புடைச்சிருக்கு, விலா எலும்பு தெரியுது, இடுப்பில் ஒரு துணி. ஒரு பையன், அவன் அப்பா சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர், "எங்கப்பா முதுகு மாதிரியே இருக்கு" என்றான். உடனே நாலு பையன்கள் வரிசையா நின்று அதே மாதிரி இல்லாத பாறையைத் தள்ள ஆரம்பிச்சுட்டாங்க. எந்தக் கால் முன்னால், எந்தக் கை மேலே என்று சண்டை போட்டுச் சண்டை போட்டுச் சிலையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குச் சிலையை எப்படிக் காட்டணும் என்று நான் கத்துக்கிட்டது அந்தப் பையன்களிடம்தான். விளக்கம் சொல்லிக்கிட்டே இருக்கக் கூடாது. பார்க்கிறதுக்கு ஒரு வேலை கொடுக்கணும்.

அடுத்த தடவை விருத்தாசலத்தில் ரயில் ஏறி, ஒரு சனிக்கிழமை போனோம். எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போயிடலாம்.

அந்த அருங்காட்சியகத்தை 1851-ல் ஆரம்பித்தார்கள். இந்தியாவிலேயே பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று. ஆரம்பத்தில் அங்கேயே உயிரோடு மிருகங்களையும் வைத்திருந்தார்களாம். அதனால் அந்தக் காலத்து ஜனங்கள் மிருகக்காட்சிச் சாலையை உயிர் காலேஜ் என்றும், மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொன்னார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

முதலில் எல்லாக் கட்டடத்தையும் பார்த்துடணும் என்று ஓட்டமா ஓடினோம். ஒரு மணி நேரம் கழிச்சு, என்ன பார்த்தீங்கன்னு கேட்டால், "திமிங்கில எலும்பு" என்பதைத் தவிர ஒருத்தருக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்லை. அப்புறம் திட்டத்தை மாத்திட்டேன். மூணே மூணு பொருள். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிஷம் தரையில் உட்காரணும், அவ்வளவுதான்.

வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். சோழர் காலத்துச் சிலை, ஆயிரம் வருஷத்துக்குக் கிட்ட. "நோட்டை வைச்சு சிலையில் பாதியை மறைச்சுப் பாருங்க" என்று சொன்னேன். ஒரு பக்கம் மறைச்சா ஆண். இன்னொரு பக்கம் மறைச்சா பெண். தோள் வேற, இடுப்பு வேற, உடுப்பு வேற, நிற்கிற விதம் வேற. நோட்டை எடுத்தால் ஒரே ஆள்! எத்தனை கை என்று எண்ணச் சொன்னேன். இரண்டு என்றது ஒரு பிள்ளை, நாலு என்றது இன்னொன்று. எண்ணினால் மூணு. அய்யன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒண்ணு. "ஏன் அம்மனுக்கு ஒரு கைதான்?" என்று ஒரு பொண்ணு சண்டைக்கு வந்தாள். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் குழந்தை, "ஒரு கையே போதும்டி அவங்களுக்கு" என்றாள். எங்க குழுப் பெண்கள் எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

திருவாலங்காட்டு நடராஜரும் அங்கேதான் இருக்கிறார். நமக்குச் சிதம்பரம் பக்கம், நடராஜர் புதுசு இல்லை. ஆனால் கோயிலில் சாமியை ஆடையும் மாலையுமாத்தான் பார்த்திருக்கோம். இங்கே தூக்கின கால், ஊன்றின கால், விரல், எல்லாம் தெரியுது. இதை எப்படிச் செய்யறாங்கன்னு ஓவிய அய்யா முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார். சுவாமிமலையில் இன்னும் இப்படித்தான் செய்கிறார்கள். முதலில் மெழுகில் முழுச் சிலையையும் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிப் பூசிக் காய வைப்பார்கள். பிறகு சூடு காட்டினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறினதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். மெழுகும் போச்சு, அச்சும் உடைஞ்சு போச்சு. அதனால் ஒரு மாதிரிக்கு ஒரு சிலைதான். அதே மாதிரி இன்னொன்று வேணும்னா மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்கணும்.

என் மகள் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் காதுக்கிட்ட வந்து, "அம்மா, எல்லாச் சாமியும் கறுப்பா பளபளன்னு இருக்காங்க" என்றாள். நான் பதில் எதுவும் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பி வரும்போது ரயிலில் ஒரு பையன் கேட்டான்: "இதையெல்லாம் செஞ்சாரே, அவர் பேர் என்ன? அவர் எப்படி இருப்பார்?" எனக்குப் பதில் தெரியலை. ஊருக்கு வந்து ஓவிய அய்யாவைக் கேட்டேன். சோழர் காலத்துச் சிலைகளில் செய்தவர் பெயர் இருக்காதும்மா என்று சொன்னவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிதம்பரம் வடக்குக் கோபுரத்தைப் பார்த்திருக்கீங்களா?" என்றார். நாங்க எத்தனை தடவை போயிருக்கோம்! "போயிருக்கீங்க, பார்த்திருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

அடுத்த மாதமே பிள்ளைகளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். அய்யாவும் வந்தார். அந்த வடக்குக் கோபுரம் விஜயநகர ராஜா கிருஷ்ணதேவராயர் திருப்பணி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தையது. கோபுரத்தில் ராஜா கும்பிட்டு நிற்கிற உருவம் இருக்கு. அதே கோபுரத்தில், வேலை செய்த தலைமைச் சிற்பிகள் நாலு பேருடைய உருவத்தையும் செதுக்கி, தமிழில் பெயரும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் பெயர் சேவகப்பெருமாள். அவர் மகன் விசுவமுத்து. எந்த ஊர் தெரியுமா? விருத்தகிரி. நம்ம விருத்தாசலம்!

பிள்ளைகளை அங்கேயிருந்து கிளப்பவே முடியலை. "நம்ம விருத்தாசலமா? நம்ம ரயில் ஏறினோமே அதுவா?" என்று கேட்டுக்கிட்டே இருந்தார்கள். பட்டணத்தில் தேடினது நம்ம பக்கத்து ஊர்க்காரர் முகமா இங்கேயே இருந்திருக்கு. ராஜா உருவம் இருக்கிற இடத்தில் நாங்களும் இருந்தோம், எங்க பேர் இது, எங்க ஊர் இது என்று அந்த அப்பாவும் பிள்ளையும் கல்லில் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான், தன் உருவத்தைத் தானே செய்து வைப்பது என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு நான் சொல்லாமலே புரிந்தது.

இதற்குத் தன்னுருவ ஓவியம் என்று பெயர். ஓவியர்கள் கண்ணாடியைப் பார்த்துத் தங்களையே வரைவார்கள். யாரையும் கூலி கொடுத்து எதிரில் உட்கார வைக்க வேண்டியதில்லை. சொல்லப் போனால் ஏழைக்கு ஏத்த பாடம். ஹாலந்து நாட்டில் ரெம்பிராண்ட் என்று ஒருவர் இருந்தார். வாலிப வயசிலிருந்து கிழவரான வரைக்கும் தன்னையே எண்பது தடவை போல வரைந்திருக்கிறார். வயசான படத்தில் தொங்கின கன்னத்தை அப்படியே போட்டிருப்பார்.

நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் ஓவியங்கள் பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். அதில் இரண்டு பெண்களைப் பற்றிப் படித்தேன். உங்களுக்கும் சொல்லணும்.

ஒருவர் அம்ரிதா ஷெர்கில். 1913-ல் பிறந்தவர். அப்பா பஞ்சாபி, அம்மா ஹங்கேரி நாட்டுக்காரர். இருபத்தெட்டு வயசில், 1941-ல் இறந்துவிட்டார். அதற்குள் தன் முகத்தையே எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். ஒன்றில் சிரிப்பார், ஒன்றில் யோசனையா இருப்பார். நம்ம தென்னாட்டுப் பக்கம் பயணம் வந்து போன பிறகு, 1937-ல், சந்தைக்குப் போகிற கிராமத்து ஜனங்களை வரைந்தார். அந்தப் படத்தில் இருப்பவர்கள் நம்மைப் போல நல்ல கறுப்பு. அதை வெளுக்க வைக்க அவர் நினைக்கவே இல்லை. இன்றைக்கு அவர் ஓவியங்கள் தேசத்தின் சொத்து, நாட்டை விட்டு விற்க முடியாது.

இன்னொருவர் மெக்சிகோ நாட்டின் ஃப்ரிடா காலோ. 1925-ல், பதினெட்டு வயசில், அவர் போன பஸ் மேல் டிராம் வண்டி மோதி உடம்பெல்லாம் உடைஞ்சு போச்சு. மாதக் கணக்கில் படுக்கை. கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடியை மாட்டிக் கொடுத்தார்கள். படுத்தபடியே அதைப் பார்த்து வரைய ஆரம்பித்தார். அவருக்கு இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்திருக்கும், மேல் உதட்டில் லேசா பூனை முடி இருக்கும். நாமாக இருந்தால் அதை மறைச்சுத்தானே வரைவோம்? அவர் இரண்டையும் விடாமல் வரைந்தார். சுமார் ஐம்பத்தைந்து தடவை தன்னையே வரைந்திருக்கிறார்.

இந்தப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தோம். ஒவ்வொருத்தர் கையிலும் வீட்டிலிருந்து கொண்டு வந்த ஒரு சின்னக் கண்ணாடி. எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்லிடறேன், நீங்களும் செய்யலாம்.

முதல் ஐந்து நிமிஷம் பென்சிலைத் தொடக் கூடாது, கண்ணாடியை மட்டும் பார்க்கணும். பிறகு, கண் முகத்தில் எங்கே இருக்குன்னு கேட்கணும். எல்லாப் பிள்ளைகளும் நெத்திக்குப் பக்கத்தில் கண்ணைப் போடும். நிஜத்தில் உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில்தான் கண் இருக்கு. ஒரு குச்சியை வைச்சு அளந்து பாருங்க, நம்பவே மாட்டீங்க. எனக்கே முப்பது வயசுக்கு மேலேதான் தெரிஞ்சது. ரப்பர் கொடுக்காதீங்க. தப்பாப் போட்டா பக்கத்தில் இன்னொரு கோடு போடட்டும்.

அடுத்தது நிறம். அந்த ஸ்கின் குச்சியை நான் பிடுங்கிப் போடலை. "உன் மணிக்கட்டுப் பக்கத்தில் வைச்சுப் பாரு, ஒத்துப் போகுதா?" என்று மட்டும் கேட்டேன். பதினெட்டுப் பிள்ளைகளில் ஒருத்தருக்கும் ஒத்துப் போகலை. அப்போ உங்க நிறத்தை நீங்களே கலக்குங்க என்றேன். பழுப்பு, மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, துளி கறுப்பு. ஒரு பிள்ளை வாசலில் இருந்து செம்மண்ணை எடுத்துத் தண்ணியில் குழைச்சது. இன்னொன்று காபித்தூள் கேட்டுச்சு. ஒரு பையன் வீட்டிலிருந்து ஒரு துண்டு நிலக்கரி கொண்டு வந்து, பொடி பண்ணிப் பசையோடு கலந்து பூசினான். பார்த்தால் அசல் அவன் கன்னத்து நிறம்! நம்ம ஊர் நிலக்கரிக்குப் பெயரே பழுப்பு நிலக்கரிதானே. அதை வைத்து உலகத்துக்கே கரண்டு எடுக்கிறோம், முகத்துக்கு நிறமும் எடுக்கலாம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

என் மகள் நாலு தடவை கலக்கினாள். மணிக்கட்டில் ஒரு கோடு பூசிப் பார்ப்பாள், கழுவுவாள், மறுபடி கலக்குவாள். கடைசியில் வரைஞ்ச படத்தில் அவள் இருந்தாள். நெற்றியில் திண்ணையிலிருந்து விழுந்த தழும்பு, எண்ணெய் வைச்சுப் படிய வாரின தலை, ஒரு பக்கம் ஏறின உதடு, எல்லாம். படத்துக்குக் கீழே பெயரும் ஊரும் எழுதினாள். "ஊர் எதுக்குடி?" என்று கேட்டேன். "சேவகப்பெருமாள் போட்டிருக்காரு இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு கல்யாணம் வந்தது. பழக்க தோஷத்தில் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தேன். "கொஞ்சமாப் போதும்மா, படத்துல இருக்கிற மாதிரி தெரியணும்" என்றாள். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. டப்பாவை வைச்சுட்டேன்.

எல்லாம் மாறிப்போச்சு என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போ ஆறாவது படிக்கிறாள். டிவியில் கிரீம் விளம்பரம் வந்தால் இன்னும் பார்க்கத்தான் செய்கிறாள். போன மாதம்கூட ஒரு சொந்தக்கார அம்மா, "வயசுக்கு வர்ற பொண்ணு, நிறத்தைக் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?" என்று என்னைக் கேட்டாங்க. நான் வாயடைச்சு நின்னேன். ஆனால் வீட்டுச் சுவரில் அந்தப் படம் ஒட்டியிருக்கு. அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அதைத் தாண்டித்தான் போகணும். எனக்கு அது பெரிய தைரியம்.

பிள்ளைகளோடு நாங்க ஆறு பேரும் அன்றைக்கு வரைந்தோம். புண்ணியம் பற்றிச் சொன்ன அக்காவுக்கு ஐம்பது வயசு. முதலில், "எனக்கு எதுக்கு, கோலம்தான் போடத் தெரியும்" என்றாங்க. கோலம் போடுற கைக்குக் கோடு வராமல் போகுமா? போட்டாங்க. முடிச்சுட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "என் கண்ணு எங்கம்மா கண்ணு மாதிரி இருக்கு. எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது" என்றாங்க. எங்க ஆயாவுக்கும் கிடையாது. ஆயா முகம் எனக்கு இப்போ மங்கலாத்தான் ஞாபகம் இருக்கு. அவங்க கையால ஒரு கோடு வரைஞ்சு வைச்சிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைச்சுக்கிட்டேன்.

இப்போ கூட்டமைப்புக்கு என் கோரிக்கை மூன்று.

ஒன்று, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு குழுவும் பிள்ளைகளை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகணும். சென்னைதான் போகணும் என்று இல்லை. கடலூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கு. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பொருள்கள் இருக்கு. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் அருமையான வெண்கலச் சிலைகள் இருக்கு. மே 18 உலக அருங்காட்சியக தினம். பிள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கும் நேரம்தான், நாள் வைக்கத் தோதா இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் விடுமுறை நாள் எதுன்னு முன்கூட்டியே கேட்டுக்கோங்க. வெள்ளிக்கிழமையை மறந்துடாதீங்க!

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை. எல்லாத்தையும் பார்க்க ஆசைப்படாதீங்க, மூணு பொருள் போதும். சிலையைத் தொட விடாதீங்க. கை வியர்வை பட்டுப் பட்டுக் கல்லும் உலோகமும் கெட்டுப் போகும் என்று காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் கேட்கும். செல்போனில் படம் எடுப்பதைவிட நோட்டில் வரையச் சொல்லுங்க. தண்ணி பாட்டில், கட்டுச்சாதம் கையோடு எடுத்துப் போங்க. ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க கட்டாயம்.

இரண்டு, மாதக் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம், அவர்கள் ஓரமா செல்போன் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் கண்ணாடியும் பென்சிலும் தாளும் கொடுப்போம். ஒரு பிள்ளைக்கு ஐந்து ரூபாய்கூடச் செலவு ஆகாது.

மூன்று, அடுத்த ஆண்டு விழாவில் இந்த மேடைக்குப் பின்னால் பேனர் கட்டும் இடத்தில் நம் பிள்ளைகள் தங்களை வரைந்த படங்களை மாட்டணும். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் ஊரும் எழுதியிருக்கணும். பரிசு, முதலிடம், இரண்டாம் இடம் எதுவும் வேண்டாம். முகத்துக்கு மார்க் போடக் கூடாது.

கடைசியாக ஒன்று. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பாத்திரம் கழுவி முடிச்சிட்டு, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைச்சு, நீங்களும் உங்க முகத்தை வரைஞ்சு பாருங்க. கண்ணைப் பாதியில் போடணும், மறந்துடாதீங்க. நல்லா வரலைன்னாலும் கிழிச்சுப் போடாதீங்க. பாஸ்புக்குக்குள்ளேயே மடிச்சு வைங்க, அந்த வெளுத்த போட்டோவுக்குப் பக்கத்தில்.